கடைசி சைக்கிள்

ஜன்னல் ஓரம் நீங்க உட்கார்ந்துக்கங்கம்மா. எனக்கு வெளியில பார்க்க ஒண்ணும் இல்ல, காலையிலிருந்து பார்த்தாச்சு. சாப்பாட்டுக் கேரியரை மடியில வச்சா சூடு தாங்காது. கீழே வையுங்க, நான் காலால அணைச்சுப் பிடிச்சுக்கறேன். சாயாது.

கண்டக்டர் அண்ணன் ஏன் இப்படி முறைக்கறாருன்னு பார்க்கறீங்களா? அது ஒண்ணுமில்ல. இதே பஸ்ஸுல நான் ஏறறது இது மூணாவது தடவை. "எங்கம்மா?"ன்னு கேட்டார், "ஆஸ்பத்திரி"ன்னேன். ரெண்டாவது தடவையும் கேட்டார், அப்பவும் "ஆஸ்பத்திரி"ன்னேன். இப்ப கேக்கறதையே விட்டுட்டார். இலவச டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில திணிச்சுட்டுப் போயிட்டார்.

முதல் தடவை கூட்டம்மா. நான் எழுந்து வாசலுக்கு வர்றதுக்குள்ள விசில் அடிச்சுட்டாங்க. "இறங்கணும்"னு சொன்னேன். எனக்கே கேக்கல. ரெண்டாவது தடவை கூட்டம் இல்ல. அது வேற.

நீங்களும் ஆஸ்பத்திரிக்குத்தானே? கேரியரைப் பார்த்ததுமே நினைச்சேன். அதனாலதான் பக்கத்துல இடம் விட்டேன், மறைக்காம சொல்லிடறேன். ஒரு உதவி வேணும். இந்தப் பையைக் கொண்டுபோய்க் குடுத்துடறீங்களா? பெண்கள் வார்டு, மாடியில. தேன்மொழின்னு பேரு, திருச்சிக்காரங்க. சைக்கிள்ல இருந்து விழுந்தவங்கன்னு கேட்டா நர்ஸுங்களுக்குத் தெரியும். பையில தப்பா ஒண்ணும் இல்லம்மா. ஒரு மெடல், ஒரு துணி, ஒரு பாக்கெட் கடலை மிட்டாய். வேணும்னா பிரிச்சுப் பாருங்க.

நீயே போய்க் குடுக்கலாமேன்னு கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. அதுக்குத்தான் முதல்லேர்ந்து சொல்றேன். கேட்டா உங்களுக்கே புரியும், என் மேல தப்பு இல்லன்னு.

நாங்க இருபத்திரெண்டு பேரும்மா. திருச்சியிலிருந்து கன்னியாகுமரிக்கு, நாலு நாள், சைக்கிள்லயே. புற்றுநோய் வந்த குழந்தைங்க தங்கறதுக்கு ஒரு இல்லம் இருக்கு எங்க ஊர்ல. அதுக்கு ஆதரவு திரட்டறதுக்காக. வழியில ஊர் ஊரா நின்னு, ஸ்கூல் பசங்ககிட்ட பேசி, நோட்டீஸ் குடுத்து, இப்படி. ஒவ்வொருத்தர் முதுகுலயும் ஒரு குழந்தையோட பேரைத் துணியில எழுதிப் பின் பண்ணியிருப்பாங்க. என் முதுகுல யாழினி, ஆறு வயசு. தேன்மொழி அக்கா முதுகுல கவின், ஒன்பது வயசு. அந்தத் துணிதான் பையில இருக்கு. துவைச்சுட்டேன். கறை முழுசாப் போகல.

நான் ஏன் இதுல சேர்ந்தேன்னு கேக்காதீங்க. எம்.எஸ்ஸி. முடிச்சு வீட்டுல இருந்தேன். இன்டர்வியூவுக்குப் போனா உள்ள போய் உட்கார்ந்து, பேரைச் சொல்றதுக்குள்ள அவங்க அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. காலேஜ்ல ஒரு செமினார்ல பதினோரு நிமிஷம் மேடையில நின்னேன். மைக் இருந்துச்சு. குரல்தான் வரல. வீட்டுல அம்மா, "நாலு பேரோட பழகுடி நித்திலா, நாலு பேரோட பழகு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சைக்கிள்னா பேச வேண்டியதில்லன்னு நினைச்சேன். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து மிதிக்கறது. யாரும் முகத்தைப் பார்க்க மாட்டாங்க.

ஆனா வரிசையில போறதுக்கு ஒரு முறை இருக்கும்மா. எங்க குழுத்தலைவர் ஜெரால்டு சார், ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்துல விசில் இல்லாம அவரை நான் பார்த்ததே இல்ல. அவர் முதல் நாளே சொல்லிட்டார். முன்னாடி போறவருக்குக் குழி தெரிஞ்சா, குழி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கையைக் கீழே நீட்டிக் காட்டணும். அடுத்தவர் அதைப் பார்த்து, அவரும் காட்டணும். அப்படியே கடைசி ஆள் வரைக்கும் போகணும். கை காட்ட முடியலன்னா "குழி!"ன்னு கத்தணும். "பின்னாடி வர்றவங்களுக்கு ரோடு தெரியாது, உங்க முதுகுதான் தெரியும். ஞாபகம் வச்சுக்கங்க"ன்னு சொல்லுவார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் முக்கொம்பு ரோட்டுல பயிற்சி. இருபது பேர் கை, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா இறங்கி ஏறும். பார்க்க அவ்வளவு அழகா இருக்கும்.

எனக்கு ஒரு கையை எடுத்தா சைக்கிள் நிக்காதும்மா.

நான் சைக்கிள் கத்துக்கிட்டதே இருபத்திரெண்டு வயசுல. ரெண்டு கையும் பிடியில இருந்தா எவ்வளவு தூரம் வேணும்னாலும் போவேன். ஒரு கை எடுத்தா ஹேண்டில் ஆடும், சைக்கிள் சாயும். தனியா எவ்வளவோ பழகிப் பார்த்தேன். ரெண்டு தடவை விழுந்தேன். முட்டியில இன்னும் தழும்பு இருக்கு. சரி, கத்தலாம்னா, என் குரல் உங்களுக்கே இப்ப சரியாக் கேக்குதா? காதை இந்தப் பக்கம் சாய்ச்சுத்தானே கேக்கறீங்க.

அதனால நான் என்ன பண்ணினேன்னா, கடைசியில போனேன். கடைசி ஆளுக்குப் பின்னாடி யாரும் கிடையாதே. யாருக்கும் கை காட்ட வேண்டாம். யாருக்கும் தொந்தரவு இல்ல. நல்ல யோசனைதானே? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கடைசி சைக்கிள் நான்தான். ஜெரால்டு சார்கூட எல்லார் முன்னாடியும் சொன்னார், "நித்திலாவைப் பாருங்க. முந்தணும்னு ஒரு நாளாவது அடிச்சுக்கிட்டிருக்காளா? தங்கமான பொண்ணு"ன்னு. எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் எப்படிம்மா போய் சொல்றது?

என்ன ஸ்டாப் இது? சரி, இன்னும் இருக்கு.

தேன்மொழி அக்காவைப் பத்திச் சொல்லணும். போஸ்ட் ஆபீஸ்ல வேலை. நாப்பத்தேழு வயசு. குண்டா, குள்ளமா, சைக்கிள் மேல வச்ச பூசணிக்காய் மாதிரி இருப்பாங்க. நான் சொல்லல, அவங்களே சொல்லுவாங்க. "இருபத்திரெண்டு வருஷமா கவுண்ட்டர்ல உக்காந்து தேய்ச்சாச்சு, இந்த ஸீட்டெல்லாம் எனக்கு எம்மாத்திரம்?"னு சிரிப்பாங்க. ஜெரால்டு சார் விசில் ஊதினா, "சார், அதைக் கொஞ்சம் முழுங்கிடுங்க, உங்களுக்கும் நிம்மதி எங்களுக்கும் நிம்மதி"ம்பாங்க. வேற யாராவது சொன்னா அவர் கடிச்சுக் குதறிடுவார். இவங்க சொன்னா அவரும் சிரிச்சுடுவார். வீட்டுக்காரருக்கு இவங்க வர்றது சுத்தமாப் பிடிக்கல. முதல் நாள் வழியனுப்ப வந்தவர், கேட்டுக்கு வெளியிலயே ஸ்கூட்டர்ல உட்கார்ந்திருந்தார். "பேரன் எடுக்கற வயசுல பேன்ட் போட்டுக்கிட்டு"ன்னு என் காதுபடவே சொன்னார். அக்கா திரும்பி, "பேரன் வந்தா பின்னாடி கேரியர்ல வச்சுக் கூட்டிட்டுப் போறேன், நீங்க ஸ்கூட்டரை எடுங்க"ன்னாங்க.

அந்த அக்காவுக்கு என் மேல என்ன பிரியமோ. நான் கேக்கவே இல்ல. சத்தியமா கேக்கவே இல்லம்மா.

மூணாவது நாள் காலையில கோவில்பட்டியிலிருந்து கிளம்பறோம். அக்கா ஒரு கடலை மிட்டாய் பாக்கெட்டைப் பிரிச்சு வாயில போட்டுக்கிட்டே என்கிட்ட வந்தாங்க. "ஏன்டி குட்டி, ரெண்டு நாளா அனாதை மாதிரி தனியாப் பின்னாடி வர்ற. திரும்பித் திரும்பிப் பார்த்து எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு. இன்னைக்கு நான் உனக்குப் பின்னாடி வர்றேன்"னாங்க.

"வேண்டாம்க்கா"ன்னேன்.

"என்னது?"

"வேண்டாம்க்கா."

"என்னமோ முணுமுணுக்கறா"ன்னு சிரிச்சுக்கிட்டே பின்னாடி போய் நின்னுட்டாங்க. ஜெரால்டு சார் விசில் ஊதிட்டார். நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க? நான் சொல்லத்தானே சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்.

வழி நெடுக அக்கா பேச்சுதான். யாழினி எப்படி இருப்பா, ரெட்டை ஜடை போடற அளவுக்கு முடி திரும்ப வளர்ந்திருக்குமா, பெரியவளானா போஸ்ட் ஆபீஸ் வேலைக்கு மட்டும் போக வேண்டாம்னு சொல்லணும், இப்படி. எனக்குக் கண்ணு முழுக்க ரோட்டுல. முன்னாடி ஒரு கை இறங்கினாலே நான் ரெண்டு கையாலயும் பிடியை இறுக்கிப்பேன். நல்ல ரோடுதான், நாலோ அஞ்சோ பள்ளம், எல்லாம் சின்னது. அக்கா அதுல ஏறி இறங்கிட்டாங்க.

கயத்தாறுல டீ குடிக்க நின்னோம். அப்ப அக்கா கேட்டாங்க. கேட்டாங்கதான். இதையும் சொல்லிடறேன். டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு, "குட்டி, கை காட்டவே மாட்டேங்கறியே. ஒரு பள்ளத்துல என் பல்லே ஆடிப்போச்சு. நான் ரோட்டைப் பார்க்கல, யாழினி பேரைத்தான் பார்த்துக்கிட்டு வர்றேன். கால் வலி தெரியல. கை காட்டு, என்ன?"ன்னாங்க.

நான் "சரிக்கா"ன்னேன்.

அது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு அவங்களுக்கு.

அப்படிப் பார்க்காதீங்கம்மா. பக்கத்துல பிரான்சிஸ் நின்னுக்கிட்டு இருந்தான், காலேஜ் பையன், எனக்கு முன்னாடி வர்றவன். ஜெரால்டு சார் நின்னார். டீக்கடைக்காரர் நின்னார். அத்தனை பேர் முன்னாடி, "எனக்கு ஒரு கை விட்டு ஓட்டத் தெரியாது, இத்தனை மாசமா உங்களையெல்லாம் ஏமாத்தினேன்"னு சொல்ல முடியுமா? நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா? இன்னும் முப்பது கிலோமீட்டர்தான், திருநெல்வேலி வந்துடும், சாப்பாட்டுக்கு அப்புறம் எப்படியாவது பின்னாடி போயிடலாம்னு நினைச்சேன். முப்பது கிலோமீட்டர் ஒரு தூரமா?

பாலம் வேலை நடக்குதுன்னு பக்கத்து மண் ரோட்டுல திருப்பி விட்டாங்க. இறக்கம். அங்கதான்.

முன்னாடி கை இறங்கறது தெரிஞ்சுது. இடது பக்கம். ஒண்ணு, அடுத்தது, அடுத்தது. என்கிட்ட வந்துக்கிட்டே இருக்கு. பிரான்சிஸ் கை இறங்கிச்சு. "குழி!"ன்னு கத்தவும் செஞ்சான். பெரிய குழிம்மா, ஜல்லி பேர்ந்து, ஓரத்துல கம்பி நீட்டிக்கிட்டு. நான் ஒடிச்சுத் திருப்பிட்டேன். தாண்டிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல.

கையை எடுத்தேனான்னு கேக்கறீங்க. எடுக்கணும்னு நினைச்சேன். விரலைப் பிரிச்சேன். ரெண்டு விரல் பிரிஞ்சுது, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வாயும் திறந்துச்சு.

பின்னாடி அக்கா ஏதோ சொல்லிக்கிட்டு வந்தாங்க. யாழினிக்கு ஒரு பாவாடை தைக்கணும்னோ என்னமோ. பாதியில நின்னுபோச்சு.

எனக்கு இறங்கி ஓடத் தோணல. சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். எல்லாரும் ஓடி வந்தாங்க. அக்கா கண்ணைத் திறந்துதான் இருந்தாங்க. "எனக்கு ஒண்ணுமில்ல, சைக்கிளைப் பாருங்க"ன்னாங்க. அப்புறம், "சார், காலை யாராவது பிடிச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. ஜெரால்டு சார்தான் ரெண்டு கையாலயும் அவங்க பாதத்தைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டு இருந்தார். அமுக்கறது அவங்களுக்குத் தெரியல. அவர் முகத்தை நான் பார்த்தேன். விசிலைக் கடிச்சுக்கிட்டு அழுதார்.

ஆம்புலன்ஸ் போனப்புறம் அவர் எங்களை வட்டமா நிக்க வச்சுக் கேட்டார். "சிக்னல் வந்துச்சா?" பிரான்சிஸ், "நான் குடுத்தேன் சார், கத்தவும் செஞ்சேன்"னான். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் பண்ணினேன். பிரான்சிஸ் குடுத்தான்கறதுக்குத்தான் ஆட்டினேன். அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது? "பாவம், பேசிக்கிட்டே வந்திருக்காங்க. கவனிக்கல"ன்னு யாரோ சொன்னாங்க. அதோட முடிஞ்சுபோச்சு. இல்லத்துக் குழந்தைங்க பஸ்ஸுல வந்து கன்னியாகுமரியில எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க, நிறுத்தக் கூடாது, தேன்மொழியும் அதைத்தான் சொல்லுவாங்கன்னு மத்தவங்க கிளம்பிட்டாங்க. என்னைக் கூடவே வந்த வேன்ல ஏத்திட்டாங்க. "அதிர்ச்சியில இருக்கா, பக்கத்துல இருந்து பார்த்தவ ஆச்சே"ன்னு ஆளாளுக்குத் தண்ணி குடுத்தாங்க, தலையைத் தடவினாங்க. எனக்கு வாழ்க்கையில அத்தனை பேர் தலையைத் தடவினதே இல்லம்மா.

என் பின்னாடி வந்தது யார் தப்பு? நான் கூப்பிட்டேனா? ரோட்டுல போறவங்க ரோட்டைப் பார்க்கணுமா வேண்டாமா? முதுகைப் பார்த்துக்கிட்டா வருவாங்க? எனக்குக் கோபம் கோபமா வருது. அந்த அக்கா மேலதான். அவங்க பாட்டுக்கு நடுவுல போயிருந்தா இந்நேரம் மெடலைக் கழுத்துல போட்டுக்கிட்டு, ஜெரால்டு சாரைக் கேலி பண்ணிக்கிட்டு வேன்ல ஊருக்குப் போயிருப்பாங்க. நானும் போயிருப்பேன்.

அவங்கல்லாம் காலையில திருச்சிக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் இங்க திருநெல்வேலி ஜங்ஷன்ல இறங்கிக்கிட்டேன். அக்காவைப் பார்த்து மெடலைக் குடுத்துட்டு சாயங்கால ரயிலுக்கு வர்றேன்னு நானேதான் கேட்டேன். "தங்கமான பொண்ணு"ன்னார் சார். மறுபடியும்.

போகத்தாம்மா வந்தேன். நேத்து அக்கா போன் பண்ணியிருக்காட்டி போயிருப்பேன்.

நேத்து மத்தியானம், கன்னியாகுமரியில, எல்லாரும் கடலைப் பின்னாடி வச்சு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கோம். போன் அடிக்குது. அக்கா. குரல் ரொம்பச் சின்னதா இருந்துச்சு, என் குரல் மாதிரி. "குட்டி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்டி. இவர் மூணு வேளையும் என்னைத்தான் திட்டறார். உன் கவனக்குறைவுதான், பேச்சு, பேச்சு, எப்பப் பாரு பேச்சுங்கறார். டாக்டர் கால் வருமா வராதான்னு இப்பச் சொல்ல முடியாதுங்கறார். அதுகூடப் பரவாயில்ல. எனக்கு என்னன்னா, படுத்துக்கிட்டே அதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கறேன். உன் முதுகு தெரியுது, யாழினி பேரு தெரியுது, கை தெரிய மாட்டேங்குது. நீ கை காட்டினியாடி? காட்டினேன்னா சொல்லு, என் தப்புன்னு ஒத்துக்கிட்டுப் போறேன். எனக்கு என் கண்ணு மேலயே சந்தேகமா இருக்கு"ன்னாங்க.

அது ஒண்ணுதாம்மா கேட்டாங்க. அதைச் சொல்றதுக்கு உலகத்துல நான் ஒருத்திதான் இருக்கேன்.

நான் போனைக் காதுல வச்சுக்கிட்டே நின்னேன். காத்து அடிக்குது. "ஹலோ, ஹலோ, குட்டி"ன்னாங்க. அப்புறம், "லைன் கிடைக்கல போல, கடற்கரையாச்சே"ன்னு அவங்களே சொல்லிட்டு வச்சுட்டாங்க.

அதனாலதான் சொல்றேன், இந்தப் பையை நீங்களே குடுத்துடுங்க. மெடலைப் பார்த்தா சந்தோஷப்படுவாங்க. கவின் கையால குடுத்த மெடல், அக்காவுக்குன்னு தனியா எடுத்து வச்சதுன்னு சொல்லுங்க. அந்தப் பையன், "அந்த ஆன்ட்டி எங்க?"ன்னு என்கிட்டதான் கேட்டான். மெடலைப் பார்த்தா அக்கா வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கேட்டாலும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுங்க.

என்னம்மா, தலையை ஆட்டறீங்க? மாட்டீங்களா?

நீங்க யாரைப் பார்க்கப் போறீங்க? கேக்கவே இல்ல பாருங்க. மகனா? லாரியில... ஐயோ. எத்தனை நாளா? இருபது நாளா இப்படிக் கேரியரைத் தூக்கிக்கிட்டா? சாப்பிடறாரா? இல்லையா. அப்புறம் கேரியர்... சரி. சரிம்மா. கேக்கல.

மோதினவன் நின்னுகூடப் பார்க்கலையா.

அப்படிச் சொல்லாதீங்கம்மா. நான் அவனா? நான் நின்னேன். நான் அங்கயேதான் நின்னேன்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பா? அதுக்குள்ள வந்துடுச்சா? இருங்க, கேரியரை எடுத்துத் தர்றேன். பையை என் மடியில ஏன் வைக்கறீங்க? சரி, சரி, நானே வர்றேன். நீங்க முன்னாடி போங்கம்மா, நான் உங்க பின்னாடியே வர்றேன். வர்றேன், நிஜமா. கூட்டமா இருக்கு, நீங்க பிடிச்சு இறங்குங்க, படி உயரம். கொஞ்சம் வழி விடுங்க. அண்ணா, கொஞ்சம். இறங்கறவங்க இருக்காங்க, ஏறாதீங்க. கொஞ்சம் வழி. அண்ணா. இறங்கணும்.

அம்மா, நீங்க திரும்பிப் பார்க்காம போறீங்களே. நான் இன்னும் இறங்கல.

இறங்கணும். அண்ணா, இறங்கணும். விசில் குடுக்காதீங்க. அண்ணா.

அண்ணா!

வண்டியை நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணா! அம்மா! அம்மா, அங்கயே நில்லுங்க! நான் கை காட்டலம்மா! காட்டவே இல்ல! நான்தான் காட்டல! எல்லாரும் ஏன் என்னைப் பார்க்கறீங்க, நிறுத்தச் சொல்லுங்களேன்!